அப்பா இருமவில்லை

றொசல்ல,
14 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். அம்மாவும் நானும் சுகம். இந்த வருடப் பனிக்கு அம்மாவின் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. ஆனாலும் விடிந்ததும் லயத்து வரிசை வீடுகளை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா வீட்டுச் செய்தியையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கடலோரத்து மடத்தில் உங்களுக்குச் சளி பிடித்தது என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியதும், "அவ எதையோ மறைக்கிறா" என்று இரண்டு நாள் புலம்பினார். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுதுங்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னத் தகராறு. டிசம்பரில் மாற்றலாகி வந்த பெரிய டொக்டர், நோயாளியின் டிக்கெட்டில், அதுதான் கட்டிலில் தொங்குமே அந்த அட்டையில், நான் எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிட்டார். ஒருவருடைய சாப்பாடு சம்பந்தமான விஷயம். விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. பயப்பட ஒன்றும் இல்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

பொங்கலுக்குப் பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்து அம்மாவுக்கு ஒரு சட்டி நிறையப் பொங்கல் வரும். உங்கள் பங்கையும் நானே சாப்பிட்டுவிடுகிறேன்.

அன்புத் தங்கை,
டிலுக்ஷி


மடத்திலிருந்து,
27 ஜனவரி 2024

என் அன்புத் தங்கச்சி டிலுக்ஷிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும் அம்மாவோடும் இருப்பதாக. சளி போய்விட்டது. மறைப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல். பூசைக்கான அப்பம் சுடும் அறையில்தான் இன்னும் எனக்கு வேலை. காலையில் அப்பச் சட்டியின் சூட்டில் நின்றுவிட்டுக் கடல் காற்றில் வெளியே வந்தால் சளி பிடிக்காமல் என்ன செய்யும்?

நீ "சின்னத் தகராறு" என்று எழுதினால் அது பெரிய தகராறு என்று எனக்குத் தெரியாதா? உன்னைப் பற்றி இங்கே எல்லாச் சகோதரிகளிடமும் பெருமை அடித்து வைத்திருக்கிறேன். திக்கிப் பேசுகிற பிள்ளைக்கும், வாய் கோணிப் போனவருக்கும் பேச்சைத் திருப்பிக் கொடுக்கிறவள் என் தங்கச்சி, லயத்துப் பிள்ளை, கெம்பஸ் போய்ப் படித்தவள் என்று. மதருக்கே நீ எந்த வருடம் பட்டம் வாங்கினாய் என்பது மனப்பாடம்.

ஆனால் ஒன்று புரியவில்லை. பேச்சு மிஸ்ஸுக்கு நோயாளியின் சாப்பாட்டில் என்ன வேலை? ஐந்து வருடமாக வேலையைப் பற்றி எழுதுகிறாய். ஒரு கடிதத்தில்கூட சாப்பாட்டைப் பற்றி எழுதியதில்லையே. எனக்குப் புரியும்படி முழுவதையும் எழுது. பெப்ரவரி 14 விபூதிப் புதன். அதன் பிறகு உயிர்த்த ஞாயிறு வரை எங்களுக்கு வரும் கடிதத்தைப் படிக்கலாம், பதில் எழுதக்கூடாது. போன் இல்லாத வீட்டில் கடிதமும் இல்லாத நாற்பது நாள். அதற்கு முன்னால் எழுதிவிடு.

உனக்காக ஜெபிக்கும் அக்கா,
பெற்றீசியா


றொசல்ல,
4 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போனது என்று படித்ததும் அம்மாவுக்கு நிம்மதி. நானும் நன்றாக இருக்கிறேன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

பேசுவதற்கும் விழுங்குவதற்கும் ஒரே நாக்கு, ஒரே தொண்டை. பக்கவாதம் வந்தவருக்குப் பேச்சுக் குழறினால், விழுங்குவதும் குழறும். அதைப் பரிசோதிப்பதும் நாங்கள் படித்த படிப்புத்தான். என்ன கொடுக்கலாம், எது தண்ணீராக இருக்க வேண்டும், எது கெட்டியாக இருக்க வேண்டும், எப்படி உட்காரவைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்வோம். இங்கே பல ஆஸ்பத்திரிகளில் அதைச் செய்கிறோம். ஆனால் அது எங்கள் வேலை என்று எழுத்தில் தெளிவாக எங்கேயும் இல்லை.

டயகம பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற சோலைமலை என்பவரைப் பக்கவாதத்தோடு கொண்டுவந்தார்கள். ஐம்பத்தெட்டு வயது. அவர் மனைவி காளியாயி கட்டிலைவிட்டு அசைவதில்லை. மூன்றாம் நாள் வார்டு நேர்ஸ் பூரணி மிஸ் என்னைக் கூப்பிட்டார். "டிலுக்ஷி, இந்த அப்பாவ ஒருக்கா வந்து பாருங்க. தண்ணி குடிச்சா கொரலு ஒரு மாதிரி போகுது" என்றார். போய்ப் பார்த்தேன். ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்துப் பேசச் சொன்னேன். வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்தது. மூச்சும் வேகமானது. கெட்டிக் கஞ்சியைத் தலை குனிந்து விழுங்கச் சொன்னபோது சுத்தமாக உள்ளே போனது. "தண்ணீர் வேண்டாம். நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டிக் கஞ்சி மட்டும், சின்னக் கரண்டியால்" என்று டிக்கெட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டு, "இதை யார் எழுதச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தான் எழுதினேன் சேர்."

"தண்ணீர் குடித்தபோது இருமினாரா?"

"இல்லை சேர்."

"பிறகென்ன?"

"இருமாததுதான் சேர் பிரச்சினை."

அவர் சத்தம் போடவில்லை. "மிஸ், நாளைக்கு இவருக்கு ஏதாவது ஆனால் நீதிமன்றத்தில் பதில் சொல்லப்போவது நான். நீங்கள் பேச்சைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நான் எழுதியதை அடித்தார். சாதாரணச் சாப்பாடு கொடுக்கும்படி எழுதினார்.

அதிலிருந்து நான்காம் நாள் காய்ச்சல். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தால் நிமோனியா. தொண்டையில் தவறிப் போகும் தண்ணீர் நேரே நுரையீரலுக்குப் போகும் அக்கா. நமக்கென்றால் இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். பக்கவாதத்தில் சிலருக்கு அந்த இருமலே வராது. பார்க்கிறவர்களுக்கு நன்றாகச் சாப்பிடுவதுபோலத்தான் தெரியும். காளியாயி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு தடவகூட இருமலியே மிஸ். நல்லா முழுங்குறாருன்னு சந்தோசமா ஊட்டுனேனே" என்று அழுதார்.

சோலைமலை பிழைத்துக்கொண்டார். இப்போது மூக்கில் குழாய், அதன் வழியாகத்தான் சாப்பாடு. நான் என் வேலைக்கு அப்பாற்பட்டதை டிக்கெட்டில் எழுதியது ஏன் என்று எனக்குக் கடிதம். என்னோடு படித்த சுலக்ஷனா எங்கள் பேச்சுச் சிகிச்சையாளர் சங்கத்தில் இருக்கிறாள். இது என் ஒருத்தியின் பிரச்சினை இல்லை, எழுத்தில் ஒரு விதி வேண்டும் என்று சுகாதார அமைச்சிடம் கேட்டு எழுதப்போகிறோம்.

உங்கள் தங்கை,
டிலுக்ஷி


றொசல்ல,
11 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

போன வாரம் போட்ட கடிதம் கிடைத்திருக்கும். ஆத்திரத்தில் கண்டதையும் எழுதிவிட்டேன். சோலைமலைக்கு நடந்தது சோலைமலைக்கு நடந்தது, அவ்வளவுதான். எல்லா நோயாளியும் ஒன்றில்லை. சிலருக்கு யார் எப்படிப் பார்த்திருந்தாலும் நடப்பதுதான் நடக்கும். அதைப் படித்துவிட்டு வேறு எதையும் யோசிக்க வேண்டாம். அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

தவக்காலம் நல்லபடியாக அமையட்டும்.

டிலுக்ஷி


றொசல்ல,
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், பிந்தியாவது. அம்மாவின் முழங்காலுக்குப் புது எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன். வாசம் லயம் முழுக்க அடிக்கிறது. உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கிறதா? பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்திலேயே உங்கள் கடிதம் வந்துவிடும். "தபால்காரன் நம்ம லயத்த மறந்துட்டானோ" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறார். தபால் பிந்துகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சோலைமலை குழாயோடு வீட்டுக்குப் போய்விட்டார். காளியாயி மாதம் ஒருமுறை இரண்டு பஸ் மாறி அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறார். குழாயை எப்படிக் கழுவுவது, எவ்வளவு ஊற்றுவது எல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மலையில் கொழுந்தெடுத்துவிட்டுப் பகலில் ஓடிவந்து குழாயில் ஊற்றிவிட்டு மறுபடி மலைக்கு ஏறுகிறாராம். "எப்ப மிஸ் இத எடுப்பாங்க? வாய்க்கு ருசியா ஒரு வாய் குடுத்தா போதும்" என்று என்னைக் கேட்கிறார். அதைப் பரிசோதித்துச் சொல்ல என்னால் முடியாது. விசாரணை முடியும்வரை எனக்கு வார்டுக்குள் வேலை இல்லை. வெளிநோயாளர் பகுதியில் பிள்ளைகளை மட்டும் பார்க்கிறேன்.

மே 21 கொழும்பில் அமைச்சின் குழு ஒன்று எங்களைக் கூப்பிட்டிருக்கிறது. பெரிய டொக்டரும் பேச வருகிறார்.

ஒரு வரி எழுதுங்கள் அக்கா. கோபமாக இருந்தாலும் பரவாயில்லை.

டிலுக்ஷி


மடத்திலிருந்து,
21 ஏப்ரல் 2024

தங்கச்சி டிலுக்ஷிக்கு,

சமாதானம். நான் நலமாக இருக்கிறேன். அம்மாவை நடக்கவிடு, உட்காரவைக்காதே.

உன் பெப்ரவரிக் கடிதம் ஒன்பதாம் தேதியே கிடைத்துவிட்டது. தவக்காலம் தொடங்க ஐந்து நாள் இருந்தது. எழுத நினைத்திருந்தால் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை.

காளியாயி சொன்னதை இரண்டு மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பக்கவாதம் வந்த அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அம்மா மலைக்குப் போனார், நீ பள்ளிக்கூடம் போனாய். நான்தான் ஊட்டினேன். பதினோரு நாள். தலையணையில் சாய்த்துவைத்து, தண்ணிக் கஞ்சி. கெட்டியாக இருந்தால் கஷ்டப்படுவார் என்று நானே இன்னும் தண்ணீர் விட்டுக் கரைத்தேன். அப்பா இருமவில்லை. ஒருநாள்கூட இருமவில்லை. "போதும்மா தங்கம்" என்பார். குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். பக்கவாதத்தில் குரல் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது.

உனக்கு இது எப்போது தெரியும்? மழுப்பாமல் எழுது. அடுத்து அனுப்பினாயே ஒரு சின்னக் கடிதம், அதுபோல எழுதாதே.

பெற்றீசியா


றொசல்ல,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் சுகம் என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது தெரியும். 2017. விரிவுரையில் ஒரு எக்ஸ்ரே படத்தை ஓடவிட்டார்கள். ஒருவர் விழுங்குகிறார், கறுப்பாக ஒரு கோடு தவறான வழியில் இறங்குகிறது, அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். "பார்த்தீர்களா, இருமவே இல்லை" என்றார் விரிவுரையாளர். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்கும் மறுநாளும் விடுதியில் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு வருடக்கணக்காக உங்களுக்கு எழுதும்போதெல்லாம் திக்கிப் பேசும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதினேன்.

அப்பாவுக்கு நடந்தது அதுதான் என்று இன்றைக்கு யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. ஆனால் மழுப்ப வேண்டாம் என்றீர்கள். அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

இதையும் சேர்த்துப் படியுங்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது, எல்லாம் நினைவிருக்கிறது. நீங்கள் ரியூஷன் வகுப்பை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் இருந்தீர்கள். கஞ்சியை உங்கள் உதட்டில் வைத்துச் சூடு பார்த்துத்தான் கொடுப்பீர்கள். அப்பாவைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப் புண் ஒன்றுகூட வராமல் பார்த்தீர்கள். இன்றைக்கு வார்டில் பயிற்சி பெற்றவர்கள் செய்வதை யாரும் சொல்லித்தராமல் செய்தீர்கள். சொல்லித்தர வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லித்தர யாரும் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது தந்த துண்டுக் காகிதத்தில் "கஞ்சி கொடுக்கவும்" என்று மட்டும் இருந்தது. அந்தத் துண்டை நானே வாசித்தேன் அக்கா. அதில் எழுதியிருந்ததை நீங்கள் ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தீர்கள்.

நான் ஏன் இந்தச் சண்டையை விடமாட்டேன் என்கிறேன் என்று ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

டிலுக்ஷி


மடத்திலிருந்து,
10 மே 2024

என் அன்புத் தங்கச்சி டிலுக்ஷிக்கு,

சமாதானம் உனக்கும் அம்மாவுக்கும். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அப்பம் சுடும் அறைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் போனேன். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதை அம்மாவிடம் சொல்லலாம்.

ஏழு வருடம் நீ தனியாகச் சுமந்ததற்கு உன்மேல் கோபப்பட முயன்றேன். முடியவில்லை. நான் இங்கே வந்து பன்னிரண்டு வருடம் மறந்திருந்த அந்த நாட்களுக்குள்ளேயே நீ அங்கே தினமும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறாய். ஒவ்வொரு கட்டிலிலும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு காளியாயியிலும் என்னைப் பார்த்துக்கொண்டு. அவ்வளவு தைரியம் எனக்கு இருந்திருக்காது.

மதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அனுமதியோடு இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். குழுவுக்கு முன்னால் வாசிக்கலாம். வாசிக்காமலும் விடலாம். யாரும் என்மேல் இரக்கப்படுவதற்காக எழுதவில்லை.

"ஐயா, அம்மணி, நான் சகோதரி பெற்றீசியா. தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்த சவரிமுத்துவின் மூத்த மகள். 2009 ஓகஸ்டில் பக்கவாதம் வந்து வீடு திரும்பிய என் தந்தைக்குப் பதினோரு நாள் நான் கஞ்சி ஊட்டினேன். அவர் இருமவில்லை. நிமோனியாவில் இறந்தார். அவரால் விழுங்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாது. யாராவது பத்து நிமிடம் பார்த்துச் சொல்லியிருந்தால், நான் அதன்படி செய்திருப்பேன். நான் சொன்னபடி செய்கிறவள். எந்த மகளுக்கும் யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அந்த ஒருவர் யார் என்று நீங்கள் எழுதிவையுங்கள். இவ்வளவுதான் என் விண்ணப்பம்."

அன்றைக்கு முழுவதும் மடத்தில் உனக்காக ஜெபம் இருக்கும்.

அக்கா பெற்றீசியா


றொசல்ல,
26 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சுகமாகத் திரும்பினேன். அம்மா எனக்குப் புது வெளிர்நீலச் சேலை கட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

குழுவில் ஐந்து பேர். தலைமை ஒரு வயதான பெண் டொக்டர். முதலில் எங்கள் பெரிய டொக்டர் பேசினார். அக்கா, அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை. ஒரு வார்டில் நூறு பேருக்கு ஒரு டொக்டர், ஆளுக்கு ஆள் டிக்கெட்டில் எழுதினால் யார் பொறுப்பு என்று கேட்டார். எனக்கே நியாயமாகப் பட்டது. பிறகு சுலக்ஷனா மற்ற ஆஸ்பத்திரிகளில் இப்படி நடந்தவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். ஒரு காகிதத்தையும் பார்க்காமல் பேசினாள். அவளோடு படித்தேன் என்பதே எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசியாகத் தலைவி என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்றார். உங்கள் தாளை எடுத்தேன். "தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்துச் சொல்கிறேன்" என்றேன். "முதலில் தமிழிலேயே வாசியுங்கள்" என்றார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்திருப்பார்கள். வாசித்தேன். பிறகு சிங்களத்தில் சொன்னேன். "நான் சொன்னபடி செய்கிறவள்" என்ற வரியை இரண்டு முறை சொன்னேன்.

பெரிய டொக்டர்தான் கேட்டார். "வீட்டுக்கு அனுப்பும்போது என்ன எழுதிக் கொடுத்தார்கள்?"

"'கஞ்சி கொடுக்கவும்' சேர்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சேர். விழுங்குவதைப் பார்ப்பது அப்போது யாருடைய வேலையும் இல்லை."

அவர் தன் முன்னால் இருந்த காகிதங்களை ஒதுக்கிவைத்தார். பிறகு தலைவியிடம் திரும்பி, "அந்த டொக்டராக நான் இருந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்" என்றார். அத்தனை பேருக்கு முன்னால், தனக்கு எதிராகப் போகும் என்று தெரிந்தே சொன்னார். அந்த நேரம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

முடிவு பிறகு அனுப்புவார்களாம். திரும்பி வரும் ரயிலில் அம்மாவிடம் எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அம்மா எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைத்தார். பிறகு, "பெரிய புள்ள சாப்புடுறாளான்னு கேட்டு எழுது" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. இதோ, உங்களிடம் கேட்டுவிட்டேன்.

டிலுக்ஷி


றொசல்ல,
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஓயாத மழை. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் ஜூன், ஜூலைக் கடிதங்கள் கிடைத்தன. சாப்பிடுகிறீர்கள் என்பதை அம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அப்பாவைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. நானும் கேட்கவில்லை.

அமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது! பயிற்சி பெற்ற பேச்சு மொழிச் சிகிச்சையாளர் கட்டிலருகே விழுங்கல் பரிசோதனை செய்யலாம், சாப்பாடு பற்றிய ஆலோசனையை டிக்கெட்டில் எழுதலாம், ஒரு நாளுக்குள் டொக்டர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எக்ஸ்ரே பரிசோதனைக்கு நாங்களே அனுப்ப முடியாது, டொக்டர்தான் எழுத வேண்டும். கேட்டதில் பாதி. சுலக்ஷனா அந்த மறுபாதிக்கு இப்போதே கடிதம் எழுதத் தொடங்கிவிட்டாள்.

என்மேல் இருந்த விசாரணையை ஜூனிலேயே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சோலைமலைக்கு நாக்குக்கும் தொண்டைக்கும் பயிற்சி கொடுத்துவந்தேன். இந்த வாரம் அவரை வார்டில் சேர்த்து, பெரிய டொக்டர் தன் கையாலேயே டிக்கெட்டில், "விழுங்கல் பரிசோதனைக்கு: மிஸ் டிலுக்ஷி" என்று எழுதினார். எழுதிவிட்டு, "நானும் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?" என்று கேட்டார்.

பார்த்தார். கெட்டிக் கஞ்சி நன்றாக இறங்கியது. அவரே குனிந்து, "பேசுங்க" என்று தமிழில் சொன்னார். வார்டே காத்திருந்தது. சோலைமலை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "உப்பு பத்தல."

காளியாயிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "ஏழு மாசம் கழிச்சு ஒரு வாய் தின்னுட்டு மொதச் சொல்லு இதுதானா? பாத்தீங்களா மிஸ் இந்த மனுசன!" என்று சத்தம் போட்டார். அழுதது பூரணி மிஸ்தான் அதிகம்.

நீங்கள் எழுதிய தாள் அந்தக் குழுவின் கோப்பில் இருக்கிறது அக்கா. இனி யாராவது அந்தச் சுற்றறிக்கை ஏன் வந்தது என்று தேடினால், அது கையில் கிடைக்கும்.

டிலுக்ஷி


மடத்திலிருந்து,
6 ஒக்டோபர் 2024

என் அன்புத் தங்கச்சி டிலுக்ஷிக்கு,

சமாதானம் உண்டாவதாக. உன் ஓகஸ்ட் கடிதத்தை மதர் சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். மௌனமாகச் சாப்பிட வேண்டிய நேரத்தில், "உப்பு பத்தல" என்ற இடத்தில் இருபது கன்னியாஸ்திரீகளும் சிரித்துவிட்டோம்.

இப்போது ஒரு விஷயம். எங்கள் சகோதரி கிளமென்றுக்கு எண்பத்தொரு வயது. போன மாதம் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மூக்கில் குழாயோடு திரும்பியிருக்கிறார். குழாயை எடுத்துவிட்டு வாயால் ஊட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, யார் பார்த்துக்கொள்வது என்று மதர் கேட்டார். இந்த மடத்துக்கு வந்த முதல் வாரத்தில் நான் மதரிடம் ஒன்று கேட்டிருந்தேன். எந்த வேலை தந்தாலும் செய்வேன், நோயாளி அறை மட்டும் வேண்டாம் என்று. ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருடம் அந்த அறையின் பக்கம் போகவில்லை.

இந்த முறை நான் கையைத் தூக்கினேன். ஆனால் முதலில் பரிசோதிக்க வேண்டும், அதைச் செய்யப் படித்தவர் செய்ய வேண்டும் என்றேன். எங்களைப் பார்க்க வரும் டொக்டர் சுற்றறிக்கையை அறிந்திருந்தார். இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் அப்படி யாரும் இல்லையாம். உன்னைக் கூப்பிடச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இதனுடன் இருக்கிறது. உன் மேலதிகாரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது. வார இறுதியில் வர அனுமதி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுக்காரர்கள் வந்தால் கம்பித் தட்டிக்கு அந்தப் பக்கம்தான் உட்கார வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நீயும் அம்மாவும் வரும்போதெல்லாம் விரல் நுனியைத்தான் தொட்டிருக்கிறோம். உள்கதவு டொக்டருக்கும் நேர்ஸுக்கும், கூரை ஒழுகினால் மேசனுக்கும்தான் திறக்கும். நேற்று மதர் பதிவுப் புத்தகத்தில் உன் பெயரை எழுதினார். உறவினர் பக்கத்தில் இல்லை. மருத்துவப் பணி என்ற பக்கத்தில். நான் பக்கத்தில் நின்று அவர் பேனா நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அம்மா தட்டிக்கு அந்தப் பக்கம்தான் இருக்க வேண்டும், ஆனால் உள்ளே நடப்பதை நீ போய்ச் சொல்வாய் அல்லவா?

வந்ததும் முதலில் உன் வேலையைப் பார். நான் உன்னைத் தங்கச்சி என்று கூப்பிட மாட்டேன், மிஸ் என்றுதான் கூப்பிடுவேன். கொடுக்கலாம் என்று நீ சொன்னால், முதல் கரண்டியை நான் கொடுக்கிறேன். எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும் என்று சொல்லித்தா. சொன்னபடி செய்வேன். அந்த முதல் கரண்டிக்கு மட்டும், என் கைமேல் உன் கையை வை.

உன் அக்கா,
பெற்றீசியா